ஸஹாப்தீனின் தொண்டை

கொட்டாஞ்சேனையில் எந்தச் சோனக வீட்டில் விசேஷம் என்றாலும், சாப்பாட்டு நேரத்தில் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஸஹாப்தீன்தான். தோளில் துவாய், இடது கையில் பேசின், வலது கையில் நீண்ட மூக்கு வைத்த கேத்தல். வயது ஐம்பத்துநான்கு. குனிந்து நிமிரும்போது முழங்கால் சத்தம் போடும். ஆனாலும் கேத்தலை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். ஒருமுறை பள்ளிவாசலில் மௌலவி அவருடைய பெயரைச் சொல்லி, "இப்பிடியான பணிவு எங்கட புள்ளைகளுக்கும் வரோணும்" என்றார். ஸஹாப்தீன் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் பணிவென்றே எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை வேறு. கேத்தலோடு நிற்கிறவனை யாரும் சாப்பிட உட்காரச் சொல்வதில்லை. "நீங்க எப்ப நானா தின்ற?" என்று யாராவது கேட்டால், "கடைசிப் பந்தியில" என்பார். கடைசிப் பந்தி நடக்கிற நேரம் அவர் வீடு போய்ச் சேர்ந்து, பாண் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருப்பார்.

அவரால் இறைச்சி தின்ன முடியாது. மாடு, ஆடு, கோழி எதுவும். மனசு வராமல் இல்லை, பாவம் பார்த்தும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் பள்ளி முற்றத்தில் முட்டளவு உயரத்துக்குக் குவித்த குர்பான் இறைச்சியை வெட்டிப் பங்கு போட்டு, பைகளில் கட்டி, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர். கைக்கு அதில் ஒரு முறைப்பாடும் கிடையாது. கண்ணுக்கும் கிடையாது. நாக்கில் ஒரு நார் பட்டால்தான் வந்தது வினை. தொண்டை உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொள்ளும், வயிறு எழும்பி வரும், கண்ணில் தண்ணீர் கட்டும். அந்த நேரத்தில் ஸஹாப்தீன் என்ற மனிதரிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. தொண்டை தானாகவே தீர்மானித்துவிடும்.

சின்ன வயதில் உம்மா இறைச்சியை அரைத்துச் சோற்றோடு பிசைந்து ஒளித்துப் பார்த்தார். நாலு வயதுப் பிள்ளை முதல் வாயிலேயே கண்டுபிடித்தது. வாப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, பொறுமை குறைவு. "கொழுப்புப் புடிச்சவன். பசிச்சா தின்னுவான்" என்று ஒன்றரை நாள் பட்டினி போட்டார். பசித்தது. தின்றான். தின்றது முழுவதும் வாப்பா இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்திலேயே திரும்பி வந்தது. லெப்பையிடம் கூட்டிப்போய் ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார்கள். டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சி போயிற்று, இது போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் "ஐயர்" என்று பெயர் வைத்தார்கள். "ஐயர் ஸஹாப்தீன் வாறான், கோயில் மணி அடிங்கடா!" இப்போதும் கொச்சிக்கடைப் பக்கம் வழியில் சந்திக்கிற இரண்டு மூன்று பேர் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் முடி நரைத்துவிட்டது.

கலியாணமான புதிதில் மனைவி ஹபீலாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு இரட்டைச் சமையலாக இருந்தது. "இருவத்தெட்டு வருஷமா ரெண்டு சட்டி, ரெண்டு கரண்டி. ரெண்டு பொஞ்சாதி கட்டினவனுக்கும் இவ்வளவு வேலையில்ல" என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. வெங்காயம் உரிக்கிறபோது தன்பாட்டில் சொல்வது.

பெற்றாக் கடைத்தெருவில் சுப்புராமனின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் அவர் இருபத்தாறு வருஷமாக நிற்பதற்குக்கூட ஊதியம் காரணமில்லை. முதலாளி வீட்டிலிருந்து மத்தியானம் அடுக்குப் பாத்திரத்தில் சாம்பாரும் பொரியலும் வரும். வேலையாளுக்கும் அதிலேயே பங்கு. "ஸஹாப்தீன், நீங்க எங்க வீட்டுல பொறந்திருக்க வேண்டியவர், விலாசம் மாறி வந்துட்டீங்க" என்று சுப்புராமன் சிரிப்பார். அந்த ஒரு மேசையில்தான் அவர் யாருக்கும் எதுவும் விளக்காமல் சாப்பிடுவது.

மற்ற இடங்களில் விளக்க வேண்டும். விளக்குவதுதான் ஆளைத் தின்றுவிடும். "ஏன் தின்னல்ல?" "ஏலா." "ஏன் ஏலா?" "சின்னதுலருந்தே ஏலா." "அதெல்லாம் மனசுதான். ஒரு துண்டு தின்னு பாருங்கொ, எங்கட வீட்டு இறைச்சி அப்பிடியில்ல." இந்தக் கதையை ஆயிரம் தடவை கதைத்துக் களைத்த பிறகு, ஒரு மருந்துக் கடைக்காரர் அவருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்: கேஸ்ட்ரைடிஸ். அதைச் சொன்னால் போதும். சனம் தலையை ஆட்டும். "ஆ, எனக்கும் ஈக்கி" என்று தன் வயிற்றைத் தடவும். வருத்தம் என்று ஒரு நோயைச் சொன்னால் கிடைக்கிற மரியாதை உண்மைக்கு இல்லை. ஸஹாப்தீன் இருபது வருஷம் அந்தச் சொல்லின் நிழலில் ஒதுங்கி நின்றார்.

மகள் சஹ்லாவின் கலியாணப் பேச்சில்தான் அந்த நிழல் விலகியது.

சஹ்லா வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறாள். அதே தெருவில் காப்புறுதிக் கம்பனியில் இருக்கிற முர்ஷித்துக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. பையன் நல்ல பையன். வீடு கிராண்ட்பாஸ். வாப்பா ஸாலிஹ், மரக்காலையில் பலகை அறுத்து முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர், அதிகம் கதைக்காத மனிதர். இரண்டு வீடும் சம்மதித்து, பெண் வீட்டில் நிச்சயச் சாப்பாடு வைத்தார்கள். சஹ்லா அன்றைக்குக் காலையிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டால் அதற்கும் சிரித்தாள்.

சோனக வீட்டு விருந்து சஹனில்தான். ஒரு பெரிய தட்டம், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கை வைத்துத் தின்பது. நடுவில் நெய்ச்சோறு, அதன்மேல் இறைச்சியும் பொரித்த கோழியும், ஓரங்களில் கத்தரிக்காய் மோஜு, அன்னாசி அச்சாறு. தனித் தட்டென்றால் எலும்புக்கடியில் எதையும் ஒளிக்கலாம். சஹனில் ஏலாது. உங்கள் பக்கத்துச் சோறு குறையவில்லை என்றால், எதிரே இருக்கிற கை நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து உங்கள் பக்கம் வைக்கும். அதைவிடப் பெரிய அன்பு அந்த வீடுகளில் கிடையாது. அந்தத் துண்டை வேண்டாமென்று சொல்வதைவிடப் பெரிய அவமானமும் கிடையாது.

ஸஹாப்தீன் வழக்கம்போலக் கேத்தலோடு நின்றார். எல்லாருடைய கைக்கும் தண்ணீர் ஊற்றினார். ஸாலிஹின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை தோல் வெளுத்திருந்தது. பார்த்தார். அடுத்த கைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் கைக்குத் தண்ணீர் ஊற்றியவர். ஆறு விரல் கை, இரண்டு விரல் போன கை, தார் பிடித்த கை. கை என்றால் அவருக்குக் கை.

"சம்பந்தி, வெச்சிட்டு வாங்கொ அந்தக் கேத்தல" என்றார் ஸாலிஹ். "புள்ளைகள் ஊத்துவாங்க. நீங்க எனக்குப் பக்கத்துல."

"இல்ல, நான் கடைசிப் பந்தியில..."

"பொண்ணுட வாப்பா கடைசிப் பந்தியா? வாங்கொ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டி, அந்தக் கையை எடுக்காமல் காத்திருந்தார். வேறு வழியில்லை. ஸஹாப்தீன் உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். ஓரத்தில் மோஜு பட்ட சோற்றை மட்டும் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டார். நெய்ச்சோற்றிலேயே இறைச்சி வாசம் ஏறியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று வாய் இறக்கிவிட்டார்.

ஸாலிஹ் பார்த்துவிட்டார். மேலேயிருந்த விலாத் துண்டை எடுத்து, எலும்பை நீக்கி, கொழுப்பும் சதையுமாக இருந்த பாகத்தைத் தன் கையாலேயே பிய்த்து ஸஹாப்தீனின் பக்கம் வைத்தார். "தின்னுங்கொ சம்பந்தி. வெக்கப்படாம."

எல்லாரும் பார்த்தார்கள். ஸஹாப்தீன் துண்டை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஆறு பேருக்கும் கேட்கிற சத்தம். துண்டு கையிலிருந்து விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, "கேஸ்ட்ரைடிஸ்... மன்னிச்சிக்கொங்கொ" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் ஓடினார்.

திரும்பி வந்தபோது ஸாலிஹ் கை கழுவியிருந்தார். சஹனில் ஸாலிஹின் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. வெளுத்த அந்தக் கையைச் சேட்டின் பக்கப் பொக்கட்டுக்குள் விட்டுக்கொண்டு, இனிப்புக்கு வட்டிலப்பம் வருமுன்னே ஸலாம் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் படியிறங்கிப் போனார்.

பிறகு ஐந்து நாள் கிராண்ட்பாஸிலிருந்து ஒரு டெலிபோன் கோலும் வரவில்லை. ஹபீலா கோல் எடுத்தால் மறுமுனையில் மணி அடித்து ஓய்ந்தது. ஆறாம் நாள் சஹ்லா வேலையால் வந்து, பேக்கைக்கூடக் கழற்றாமல் வாப்பாவின் முன்னால் நின்றாள்.

"வாப்பா, நீங்க அவர்ட கையக் கண்டுதானா எழும்பின?"

"என்ன கை?"

"மாமாட கை. வெள்ளை விழுந்த கை."

"கண்டேன். தண்ணி ஊத்தினேனே."

"அது ஒட்டுற வருத்தமில்ல வாப்பா. நான் பாமசியில ஈக்கிறவ, எனக்குத் தெரியும். அவருக்கு முப்பது வயசுல வந்ததாம். அதுக்குப் பொறகு அவரோட சஹன்ல உக்கார்ற ஆக்கள் எழும்பிப் போவாங்களாம். இல்லாட்டி அவர் கை பட்ட பக்கம் தின்னமாட்டாங்களாம். முர்ஷித் சொல்றார். ஒருத்தரும் மூஞ்சிக்கு நேர சொல்றல்லையாம். அனேகமா எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்றதாம்."

"என்ன காரணம்?"

"கேஸ்ட்ரைடிஸ்."

ஸஹாப்தீன் கதிரையில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்டுல சம்பந்தம் வாணாம்னு சொல்லிட்டாராம். 'என்ட பேரப்புள்ளைக்கும் அந்த வீட்டுல கைய ஒளிச்சி வெச்சிட்டுத்தான் சோறு குடுக்கோணும்'னு சொன்னாராம். முர்ஷித் எதுத்துக் கதைக்கமாட்டார் வாப்பா. அவர்ட வாப்பா அழுததை அண்டைக்குத்தான் மொதல்ல கண்டாராம்." பேக்கோடேயே அறைக்குள் போய்விட்டாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஹபீலா யோசனை சொன்னாள். "டொக்டர்ட துண்டுக் கடிதம் ஒண்டு எடுத்துட்டுப் போங்கொ. கொலஸ்ட்ரோல்னு சொல்லுங்கொ. பிரஷர்னு சொல்லுங்கொ."

"இன்னொரு வருத்தமா?" என்றார் ஸஹாப்தீன். "எனக்கு இனி ஏலா ஹபீலா. பொய் சொல்லியே களைச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பெருநாளுக்கு வாங்கிய புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு, திரீவீலில் கிராண்ட்பாஸுக்குப் போனார். ஸாலிஹ் கதவைத் திறந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்னார். உட்காரச் சொன்னார். அந்தக் கை மடியில், மற்றக் கைக்கு அடியில் இருந்தது.

ஸஹாப்தீன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். உம்மா அரைத்துப் பிசைந்தது, வாப்பாவின் சாரம், ஐயர் என்ற பெயர், கேத்தல், கேஸ்ட்ரைடிஸ். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்ப முடியாத கதையாகத்தான் கேட்டது. பொய்யைச் சொன்னபோது ஒரு நாளும் இப்படி நாக்குத் தடுமாறியதில்லை.

ஸாலிஹ் கடைசிவரை கேட்டார். "அஞ்சு வருஷத்துக்கு முந்தி என்ட சொந்தத் தம்பிட மகன்ட கலியாணம்" என்றார். "ஒருத்தர் எழும்பினார். பல்லு வலியாம். அந்தப் பல்லோட அடுத்த சஹன்ல போய் எலும்பு கடிச்சார். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்களாச்சும் புதுசா ஒண்டு யோசிச்சி வந்தீங்களே சம்பந்தி. சந்தோஷம்."

"அல்லாஹ் மேல சத்தியமா..."

"சத்தியம் வாணாம்." ஸாலிஹ் எழுந்தார். "இறைச்சிதானே ஏலா? சரி. இறைச்சி இல்லாமத் தின்னுவோம். ஒரே சஹன்ல, நானும் நீங்களும் மட்டும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "முர்ஷித்ட உம்மா! சோறும் பருப்பும் போட்டு ஒரு சஹன் வெய்ங்கொ. இறைச்சி வாணாம்."

உள்ளேயிருந்து, "வெறும் பருப்பா?" என்று ஒரு அதிர்ச்சியான குரல் வந்தது.

"வெறும் பருப்பு."

பாய் விரித்தார்கள். சஹன் வந்தது. வெள்ளைச் சோறு, மேலே மஞ்சளாகப் பருப்பு, பொரித்த அப்பளம், ஒரு கிண்ணத்தில் சம்பல். ஸாலிஹ் பிஸ்மி சொல்லி, "விருந்தாளி தொடங்கோணும்" என்று காத்திருந்தார். அவருடைய வெளுத்த கை சஹனின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி, முழங்காலின் மேல் திறந்தபடி கிடந்தது. அவர் பார்த்தது ஸஹாப்தீனின் முகத்தையல்ல. தொண்டையை.

ஸஹாப்தீன் கையை வைத்தார். பருப்பையும் சோற்றையும் பிசைந்தார். அடியிலிருந்து ஒரு பழுப்பு நிறம் மேலே வந்தது. கறுவா வாசம், அதற்குப் பின்னால் அந்த மற்ற வாசம். மாட்டிறைச்சி ஆணம், குழம்பு. எந்தச் சோனக வீட்டுப் பெண்ணுக்குத்தான் விருந்தாளிக்கு வெறும் பருப்புச் சோறு வைக்கக் கை வரும்? துண்டுதானே வேண்டாமென்றார்கள் என்று, சோற்றுக்கடியில் யாருக்கும் தெரியாமல் ஊற்றியிருக்கிறாள்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதில் இறைச்சி ஆணம் இருக்கிறது என்று இப்போது சொன்னால், இன்னொரு சாக்கு. கையை எடுத்தால், எழுந்து போகிற இன்னொரு ஆள். சஹ்லா அடித்துச் சாத்தாத கதவு ஞாபகம் வந்தது. இவ்வளவு காலம் என்னை ஆண்டாய், இன்றைக்கு ஒரு வாய், என் பிள்ளைக்காக ஒரே ஒரு வாய் விடு என்று தன் தொண்டையிடமே கெஞ்சினார். உருட்டினார். வாயில் போட்டார். மெல்லாமல் விழுங்கப் பார்த்தார்.

தொண்டைக்குப் பிள்ளைகுட்டி இல்லை.

அவர் பின்கதவுக்கு ஓடுமுன்னே பாதி வந்துவிட்டது. மீதி கிணற்றடியில். பைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் வாந்தி எடுத்தார். கண், மூக்கு எல்லாம் தண்ணீர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட ஏலாத அசதி. அப்படியே அந்தச் சீமெந்துத் தரையில் படுத்துவிடலாம் போல இருந்தது.

முதுகை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகத் தடவுகிறதோ தெரியாது. மற்றக் கை செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியது. இத்தனை வருஷத்தில் அவருக்கு யாரும் ஊற்றியதில்லை.

"நான் இன்னும் கைய வெக்கல்ல" என்றார் ஸாலிஹ்.

ஸஹாப்தீன் நிமிர்ந்து பார்த்தார்.

"சஹன்ல நான் இன்னும் கையே வெக்கல்ல சம்பந்தி. நீங்க மட்டும்தான் வெச்சீங்க."

குசினி வாசலில் முர்ஷித்தின் உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஐயோ அல்லாஹ், ரெண்டு கரண்டி ஆணம்தானே ஊத்தினேன்! துண்டு ஒண்டும் போடல்லியே! எப்பிடி மனிசர் வெறும் பருப்போட தின்ற?"

ஸாலிஹ் அவளைப் பார்த்தார், ஸஹாப்தீனைப் பார்த்தார், பிறகு கிணற்றுக் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். தெரியாத ஊரைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்கத் தொடங்கினார்.

"கோழியுமா?"

"கோழியும்."

"சூப்பு?"

"சூப்பும்."

"புரியாணியில இறைச்சிய எடுத்துட்டு சோறு மட்டும்?"

"வாசம் ஈக்கிதே."

"அப்ப ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்ன தின்ற?"

"பாணும் சம்பலும்."

"அடப் பாவமே" என்றார் ஸாலிஹ், மனதார.

ஸஹாப்தீனும் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த அந்தக் கையை நேராகப் பார்த்து, "நோகுமா?" என்று கேட்டார்.

ஸாலிஹ் கையைத் திருப்பிப் பார்த்தார். "நோகாது. வெயில் பட்டா எரியும்." பிறகு, "ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

இஞ்சிப் பிளேன்டீ வந்தது. குடித்தார்கள். கலியாணத்துக்கு எந்த ஹோல், எந்த மண்டபம் என்று ஸாலிஹ் தானாகவே கதைக்கத் தொடங்கினார். ஸஹாப்தீனுக்கு அது காதில் விழுந்து, அர்த்தம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

"அண்டைக்குக் கேத்தலும் கையுமா நிக்க வாணாம். எங்கட சஹன்லதான் உக்காரோணும்" என்றார் ஸாலிஹ். "எப்பிடியும் என்னோட ஆறு பேர் சேரமாட்டாங்க. எடம் ஈக்கும்."

"இறைச்சி வைப்பாங்களே."

"அத நான் தின்றேன். ஒங்கட பங்கையும் சேத்து. நீங்க பழத்தத் தின்னுட்டு சும்மா வாய அசைங்கொ."

திரும்பும் வழியில் ஆமர் வீதிச் சந்தியில் திரீவீல் நெரிசலில் நின்றது. ஹபீலா கோல் எடுத்தாள். பின்னால் சஹ்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"என்னவாம்?"

"சரியாம். ஹோல் பாக்கச் சொல்றார்."

அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூச்சல், பிறகு ஓடுகிற கால் சத்தம். ஹபீலா குரலைத் தாழ்த்தினாள். "என்ன சொல்லிச் சமாளிச்ச?"

"சொன்னது ஒண்டையும் நம்பல்ல. வாந்தி எடுத்தேன். நம்பிட்டார்."

"புதுச் சேட்டுலயா?" என்று கேட்டாள் ஹபீலா.

ஸஹாப்தீன் குனிந்து பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.